இருபத்தோரு வருஷத்துச் சுளுக்கு

கோவில்பட்டி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த நவநீதகிருஷ்ணன், 2002ஆம் வருஷம் கார்த்திகை மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஆறாவது இட்லியைப் பிட்டு வாயில் வைப்பதற்கு முன்னால், தை மாசம் நடக்கப்போகும் மூத்தோர் ஹாக்கி ஆட்டத்தில் தாம் இறங்கி ஆடப்போவதாக அறிவித்தார்.

அறிவிப்பைக் கேட்ட பொதுமக்கள் ஒரே ஒரு ஆள். அது அவருடைய மனைவி உமாதேவி. சட்னிக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

“எந்தக் காலை வச்சு?” என்று கேட்டாள்.

“எனக்கு இருக்கிறதே ரெண்டு காலு. ரெண்டையும் வச்சுத்தான்.”

உமாதேவி மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சட்னியை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பேசாமல் போனதால் சம்மதித்துவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். பதினாறு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன் செய்யக்கூடாத தப்பு அது.

சங்கதி எல்லாம் அவருடைய வலது முட்டில் இருந்தது.

1981இல் அவருக்கு வயசு இருபத்திரண்டு. கோவில்பட்டியில் பிள்ளைகள் தவழுவதற்கு முன்னாடியே ஹாக்கி மட்டையைப் பிடித்துவிடும் என்பார்கள். நவநீதகிருஷ்ணனும் அப்படிப் பிடித்தவர்தான். முன்வரிசையில் வலது பக்கம் அவர் பந்தோடு கிளம்பினால் எதிராளிகள் புழுதியைத்தான் பார்ப்பார்களாம். பந்தைப் பார்க்க முடியாதாம். இதை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். அந்த வருஷம் ஒரு அரையிறுதி ஆட்டத்தில் இரண்டு பேரைத் தாண்டி, மூன்றாவது ஆளை ஏய்க்க வலது காலை ஊன்றி உடம்பை இடதுபக்கம் திருப்பினார். உடம்பு திரும்பியது. கால் திரும்பவில்லை. முட்டுக்குள்ளே ‘படக்’ என்று ஒரு சத்தம். எதிர்க்கோடியில் கோல் காத்து நின்ற அழகிரிசாமி தனக்கும் அந்தச் சத்தம் கேட்டதாக இன்று வரைக்கும் சாதிக்கிறார்.

ஒரு மணி நேரத்தில் முட்டு பனங்காய் மாதிரி வீங்கிவிட்டது. அவருடைய அப்பா அவரை வில்வண்டியில் போட்டு, பக்கத்துக் கிராமத்தில் எலும்புக்குக் கட்டுப்போடுகிற ஒருவரிடம் கொண்டுபோனார். அவர் அமுக்கிப் பார்த்துவிட்டு, “சுளுக்கு” என்றார். உளுந்த மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். முட்டுக்கு முட்டை வைத்தியம். மூன்று கட்டு, இருபத்தோரு நாள். வீக்கம் வற்றியது. வலி போனது. அவரும் எழுந்து நடந்தார். அன்றோடு அந்த முட்டைப் பற்றிய ஆராய்ச்சியை நவநீதகிருஷ்ணன் முடித்துக்கொண்டார்.

முட்டு முடித்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் மைதானத்தில் இறங்கி ஒரு திருப்பம் திரும்பியதும் அது விலகி, ஆளைத் தரையில் உட்காரவைத்தது. வியாபாரத்தைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி அவர் ஆட்டத்தை விட்டார். வியாபாரத்திலும் முட்டு விடவில்லை. வருஷத்துக்கு நாலைந்து தடவை, எதிர்பாராத நேரத்தில், கதவுக் கீல் கழன்ற மாதிரி ஒரு பக்கமாக நழுவும். அவர் விழுவார், அல்லது விழப் பார்ப்பார். இரண்டு நாள் வீங்கும். “பழைய சுளுக்கு” என்பார்.

ஒரு சுளுக்குக்கு ஆயுசு எவ்வளவு? பத்து நாள். மிஞ்சினால் ஒரு மாசம். நவநீதகிருஷ்ணனின் சுளுக்கு ஓட்டுப் போடும் வயசைத் தாண்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

கல்யாணத்தன்றே உமாதேவிக்கு அது அறிமுகமாகிவிட்டது. தாலி கட்டி, அக்கினியைச் சுற்றி வரும்போது, மூன்றாவது சுற்றின் திருப்பத்தில் முட்டு விலகி, மாப்பிள்ளை பெண்ணின் காலடியில் போய் விழுந்தார். பெண் வீட்டு அத்தை ஒருத்தி, மாப்பிள்ளைக்கு நல்ல புத்தி, எல்லாரும் பத்து வருஷம் கழித்துப் புரிந்துகொள்வதை முதல் நாளே புரிந்துகொண்டார் என்று சொன்னாள்.

முட்டை வெளியே காட்டாமல் இருப்பதற்கு அவர் பழகிவைத்திருந்த வித்தைகள் ஏராளம். மாடிப்படி இறங்கும்போது கையில் தினசரி இருக்கும். படிக்கு ஒரு வரி படித்துக்கொண்டு நின்று நின்று இறங்குவார். நாட்டு நடப்பில் அவருக்கு இருக்கும் அக்கறை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். கோயிலில் எல்லாரும் விழுந்து கும்பிடும்போது, சாமி நின்றுகொண்டு இருக்கையில் நாம் படுப்பது மரியாதை இல்லை என்று தத்துவம் சொல்லிக்கொண்டு நிற்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து போகும் வெஸ்டர்ன் கக்கூஸ் ஒன்று கட்டினார். வருகிற விருந்தாளிகளுக்காக என்று சொன்னார். அதை இதுவரைக்கும் உபயோகித்த ஒரே விருந்தாளி அவர்தான்.

வலிக்கு அவரிடம் காரணங்கள் உண்டு. மார்கழியில் குளிர். சித்திரையில் சூடு. ஐப்பசியில் வாயு. கரிசக்காட்டில் பருவமழை தப்பும். அவருடைய காரணம் தப்பாது. எலும்பு டாக்டரிடம் காட்டுவோம் என்று உமாதேவி வருஷா வருஷம் சொல்வாள். தை பிறக்கட்டும், அறுவடை முடிந்து கடையில் கூட்டம் குறையட்டும், ஆடி கழியட்டும் என்று அவர் வருஷா வருஷம் தள்ளுவார்.

உண்மைக் காரணம் ஒன்றே ஒன்று. பயம். மெடிக்கல் ஷாப் வைத்திருந்த அழகிரிசாமி, முட்டு ஆபரேஷன் என்றால் சிரட்டையைக் கழற்றுகிற மாதிரி சில்லைக் கழற்றித் தனியே தட்டில் வைத்துவிடுவார்கள் என்று எப்போதோ சொல்லிவிட்டார். தன்னுடைய முட்டுச் சில்லு தட்டில் இருந்துகொண்டு தன்னையே பார்ப்பதாக நவநீதகிருஷ்ணனுக்குக் கனவு வந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி இருக்கும் தெருவில்கூட அவர் நடப்பதில்லை.

போன புரட்டாசியில், கடையில் ஏணி ஏறும் பெருமாள்சாமி லீவு போட்ட அன்றைக்கு, அவரே மேல்தட்டிலிருந்து அண்டா எடுக்க ஏறினார். இறங்கும்போது நாலாவது படியில் முட்டு நழுவியது. அண்டா உருண்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. ஏணி சரியில்லை என்று வீட்டில் சொன்னார். இடுப்பில் இருந்த கன்னிப்போன காயத்துக்கு உமாதேவி ஒத்தடம் கொடுத்தாள். மறுநாள் புது ஏணி வாங்கிப்போட்டாள். அதன் பிறகு அவர் கடைக்குப் போனால் வீடு திரும்பும் வரைக்கும் அவளுக்குத் தெருச் சத்தத்தின் மேலேயே ஒரு காது இருந்தது.

அந்த மனுஷர்தான் இப்போது ஹாக்கி ஆடப்போகிறேன் என்கிறார்.

அன்று சாயங்காலமே போய் ஆட்டத்தை ஏற்பாடு செய்துகொண்டிருந்த அழகிரிசாமியிடம் பெயரும் கொடுத்துவிட்டு வந்தார். பரணில் கிடந்த மட்டையை இறக்கி எண்ணெய் பூசினார். கண்ணாடிக்கு முன்னால் நின்று குனிந்து பார்த்தார். தொப்பை கொஞ்சம் மறைத்தது. மற்றபடி பழைய ஆள் அப்படியே இருப்பதாக அவருக்குத் தோன்றியது.

புதன்கிழமை காலையில் உமாதேவி நொண்டினாள்.

முதலில் அவர் கவனிக்கவில்லை. காபி டம்ளரை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலை இழுத்து இழுத்துப் போனதைப் பார்த்ததும் அவருக்குச் சுருக்கென்றது. என்ன ஆச்சு என்று கேட்டார்.

“சுளுக்குத்தான். தன்னால போயிரும்.”

“எத்தனை நாளா?”

“இருக்கும் ஒரு வாரம்.”

“ஒரு வாரமா சுளுக்கு இருக்குமா உமா? கிறுக்கச்சி மாதிரி பேசுத. டாக்டர்ட்ட காட்டணும்.”

சொன்னது நவநீதகிருஷ்ணன். அவர் வாயால்தான் சொன்னார். சொல்லும்போது அவர் கை தன்னை அறியாமல் வலது முட்டைத் தடவிக்கொண்டிருந்தது.

கார்த்திகைக் குளிர்தான் காரணம், வெயில் வந்தால் சரியாகும் என்றாள் உமாதேவி. குளிருக்கும் முட்டுக்கும் என்ன சம்பந்தம், அது சும்மா சொல்லிக்கொள்வது என்றார் அவர். அப்படியென்றால் வாயு என்றாள். வாயு என்பது பயந்தவர்கள் சொல்லும் சாக்கு என்றார். தை பிறக்கட்டும், பார்க்கலாம் என்றாள். வியாதிக்கு நாள் நட்சத்திரம் தெரியுமா, தள்ளிப்போட்டால் உள்ளுக்குள்ளே என்னென்ன கெட்டுப்போகுமோ என்று கோபப்பட்டார். அவ்வளவு நியாயமாக அவர் அதற்கு முன்னால் பேசியதே இல்லை. தனக்கு எதிராக இருபத்தோரு வருஷமாகச் சேர்ந்திருந்த வாதங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்து வைத்தார். உமாதேவி மாவு சலித்துக்கொண்டே ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டாள்.

அந்த வாரம் அவர் காபி போட்டார். துவைத்த துணியை மொட்டைமாடிக்குப் படி ஏறிப்போய்க் காயப்போட்டுவிட்டு, தினசரியோடு இறங்கி வந்தார். எட்டு நாளைக்கு ஒரு தடவை வரும் தண்ணீரைப் பக்கத்து வீட்டு சுப்புத்தாய் வந்து பிடித்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வேகமாகப் போனாள். அழுகிறாள் என்று அவர் நினைத்தார்.

ஒரே ஒரு தடவைதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. திங்கட்கிழமை இடது காலை நொண்டியவள் செவ்வாய்க்கிழமை வலது காலை நொண்டினாள்.

“என்ன, நேத்து அந்தக் காலுல்லா?”

“அதான் சொன்னேன்ல. வாயு. எடம் மாறுது.”

எடம் மாறும் வாயு என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஐப்பசியில் அவரே சொன்னது. அதனால் மறுத்துப் பேச வழி இல்லை. அவருக்கு மனசு பொறுக்கவில்லை. சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு நாள் படுத்தவள் இல்லை. இந்த வீடு அவள் காலில்தான் நிற்கிறது என்பது அவள் நொண்டும்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

பாளையங்கோட்டையில் எலும்பு டாக்டர் ஒருவரிடம் அவளுடைய அக்கா மகள் சத்யபிரியா பிசியோதெரபி வேலை பார்த்தாள். அவளிடமே சொல்லி டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கி வைக்கலாம் என்று கடைசியில் உமாதேவி அரை மனசாகச் சம்மதித்தாள். ஒரு நிபந்தனை போட்டாள். டாக்டர் அறைக்குள்ளே அவரும் கூட வர வேண்டும்.

“தனியா போகப் பயமாருக்கு” என்றாள்.

“நான் இருக்கையில உனக்கென்ன பயம்?” என்றார் நவநீதகிருஷ்ணன், சட்டையின் இரண்டு பொத்தானைக் கழற்றி விட்டுக்கொண்டு.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் திருநெல்வேலிக்குக் கிளம்பினார்கள். கயத்தாறு தாண்டும் வரைக்கும் அவர் முட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். முட்டு என்பது மாட்டுவண்டிக்கு அச்சாணி மாதிரி. ஆணி போனால் வண்டி குடை சாயும். ஆனால் ஜனங்களுக்கு எங்கே புரிகிறது? ஆபரேஷன் என்று சொன்னால்கூட நீ பயப்படக் கூடாது, இப்போதெல்லாம் விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது என்று தைரியம் சொன்னார். உமாதேவி ஜன்னலோரமாக உட்கார்ந்து, சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு, பருத்திச் செடி நிற்கும் கறுத்த நிலத்தைப் பார்த்தபடி வந்தாள்.

கிளினிக்கில் நர்ஸ் வந்து, “நவநீதகிருஷ்ணன்” என்று கூப்பிட்டாள்.

அவர் திடுக்கிட்டார்.

“வீட்டுக்காரர் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாவ” என்றாள் உமாதேவி. எழுந்து நொண்டிக்கொண்டே முன்னால் போனாள். நல்ல குடும்ப முறை தெரிந்த ஆஸ்பத்திரி என்று அவர் திருப்தியோடு பின்னால் போனார்.

டாக்டர் கிருஷ்ணராஜ் ஐம்பது வயசுக்காரர். அவருக்குப் பக்கத்தில் சத்யபிரியா ஒரு ஃபைலைப் பிடித்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் நின்றாள். டாக்டர் இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, பொதுவாக, முட்டில் என்ன தொந்தரவு என்று கேட்டார்.

வலிக்கிறது என்றாள் உமாதேவி. எப்போது அதிகமாக வலிக்கும் என்று கேட்டார். படி ஏறும்போது என்றாள்.

“ஏறும்போது ஒண்ணும் செய்யாது டாக்டர்” என்றார் நவநீதகிருஷ்ணன். “இறங்கும்போதுதான். அதுலயும் கடைசிப் படியில.”

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். நடக்கும்போது எப்படி என்று கேட்டார். நேராக நடக்கவே முடியாது என்றாள் உமாதேவி. நேராக எத்தனை மைல் வேண்டுமானாலும் நடக்கலாம், சட்டென்று திரும்பினால்தான் ஆபத்து என்று நவநீதகிருஷ்ணன் திருத்தினார். வலியைத் தவிர வேறு ஏதாவது உண்டா? உமாதேவி யோசித்து, எரிச்சல் இருக்கும் என்றாள். அவருக்குப் பொறுக்க முடியவில்லை. டாக்டர் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார், இவள் இப்படி எல்லாவற்றையும் தப்புத்தப்பாகச் சொல்கிறாளே.

“எரிச்சலெல்லாம் கிடையாது டாக்டர். நழுவும். மேல் எலும்பு ஒரு பக்கம், கீழ் எலும்பு ஒரு பக்கமா போவும். போயிட்டு ‘தொடக்’குனு வந்து சேரும். சில சமயம் சம்மணம் போட்டு எந்திரிக்கையில பூட்டுப் போட்ட மாதிரி பிடிச்சுக்கிடும். ஆட்டி ஆட்டி விட்டாத்தான் நீளும்.”

“எத்தனை வருஷமா?”

“இருபத்தோரு வருஷமா.”

“அம்மாவுக்கா?”

சத்யபிரியா ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டாள். நவநீதகிருஷ்ணன் உமாதேவியைப் பார்த்தார். உமாதேவி, இரண்டு கால்களையும் சேர்த்து நேராக வைத்துக்கொண்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு அந்தக் கட்டில்ல ஏறிப் படுங்க சார்” என்றார் டாக்டர்.

ஓடிவிடலாம் என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. ஓடுவதற்கும் அந்த முட்டு வேண்டும்.

படுத்தார். டாக்டர் முதலில் இடது முட்டை மடக்கி வைத்து, கெண்டைக்காலைப் பிடித்து முன்பக்கம் இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. பிறகு வலது முட்டை மடக்கி இழுத்தார். தீப்பெட்டிக்குள்ளிருந்து குச்சித்தட்டு வெளியே வருகிற மாதிரி, கெண்டைக்கால் எலும்பு வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. தீப்பெட்டி ஊர்க்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தன்னுடைய கால் தனக்கே தெரியாமல் இவ்வளவு தூரம் போய்வருகிறதா என்று அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

1981 ஆட்டத்துக் கதையைக் கேட்டுக்கொண்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, அவர்கள் இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார். அன்றைக்கு அவருக்கு ஏற்பட்டது சுளுக்கு இல்லை. தொடை எலும்பையும் கெண்டைக்கால் எலும்பையும் முட்டுக்குள்ளே இழுத்துப் பிடித்திருக்கும் நார் ஒன்று உண்டு. அது அந்தப் ‘படக்’கில் அறுந்துவிட்டது. வீக்கம் வற்றும், வலி போகும், ஆனால் அறுந்த அந்த நார் பழையபடி தன்னால் ஒட்டிக்கொள்வது ரொம்ப அபூர்வம். நார் அறுந்தவர்கள் எல்லாருக்குமே முட்டு கெட்டுப்போகும் என்பதில்லை. சிலர் தொடைத் தசையை வைத்தே சமாளித்துவிடுவார்கள். ஆனால் திரும்பத் திரும்ப நழுவ விட்டால், ஒவ்வொரு நழுவலுக்கும் எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வு கிழியும். கிழிந்த ஜவ்வுதான் பூட்டுப் போட்ட மாதிரி பிடிப்பது. ஜவ்வு போனால் எலும்பும் எலும்பும் உரசும். உரசி உரசி, இதோ, ஓரத்தில் முள் மாதிரி வளர்ந்திருக்கிறது.

“உங்களுக்கு நாப்பத்திமூணு வயசு. உங்க முட்டுக்கு அறுபத்தஞ்சு” என்றார் டாக்டர். “இதுவரைக்கும் எத்தனை தடவை விலகியிருக்கும்?”

நவநீதகிருஷ்ணன், இருக்கும் ஒரு பத்துப் பதினைந்து என்றார்.

“அறுபத்திமூணு” என்றாள் உமாதேவி. “கல்யாணத்துக்குப் பிறகு எனக்குத் தெரிஞ்சது மட்டும். முந்தி உள்ளது அவியளுக்குத்தான் தெரியும்.”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். தான் மறைத்து மறைத்து விழுந்த ஒவ்வொரு தடவையும் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் எண்ணிக்கொண்டும் இருந்திருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, ஏனோ, முட்டு கொஞ்சம் லேசான மாதிரியும் இருந்தது.

கடைசியில், ஆபரேஷன் எப்போது என்று கேட்டார்.

இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். அறுந்த புதிதில் வந்திருந்தால் புது நார் போடுவதைப் பற்றி யோசித்திருக்கலாம். இவ்வளவு தேய்ந்த பிறகு நாரை மட்டும் மாற்றிப் பெரிய லாபம் இல்லை. தொடைத் தசையைப் பலப்படுத்த தினமும் பயிற்சி செய்ய வேண்டும். பத்து கிலோ எடை குறைய வேண்டும். நடக்கும்போது முட்டுக்கு ஒரு பட்டை போட வேண்டும். ஏணி கூடாது. திரும்பித் திரும்பி ஓடுகிற விளையாட்டு கண்டிப்பாகக் கூடாது. இவ்வளவையும் செய்தால் இந்த முட்டோடேயே பல வருஷம் நன்றாகக் காலம் தள்ளலாம்.

இல்லாத கத்திக்குப் பயந்து நவநீதகிருஷ்ணன் இத்தனை வருஷமாக ஒரு தெருவில் நடக்காமல் சுற்றிப் போயிருக்கிறார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். கோபமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள நினைத்தார். உமாதேவி ஒரு கொய்யாப்பழத்தை நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு அவரிடம் நீட்டினாள். வாங்காமல் இருந்தார். இரண்டாவது துண்டை வாங்கிக்கொண்டார்.

“பத்து நாளா நொண்டிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா.”

“பதினாறு வருஷமா கேட்டேன். நீங்க உங்க காலுக்கு வரமாட்டிய. எங் காலுன்னா வருவியன்னு தெரியும்.”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அண்டா உருண்ட அன்றைக்கு சுப்புத்தாய் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்ததாகவும், யாரோ கடையில் சத்தம் என்று சொன்னதும் செருப்புகூடப் போடாமல் கடைத்தெரு பாதி வரைக்கும் ஓடி வந்ததாகவும், அவர் எழுந்து வேட்டியைத் தட்டுவதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பியதாகவும் சொன்னாள்.

“ஏன் உள்ள வரல?”

“வந்தா உங்களுக்கு வெக்கமாருக்கும்னு வரல.”

அதற்குப் பிறகு கோவில்பட்டி வரைக்கும் மிச்சக் கொய்யா முழுவதையும் அவர்தான் தின்றார்.

மறுநாளிலிருந்து பயிற்சி ஆரம்பமானது. அவருடைய பழைய பேன்ட் ஒன்றின் காலை வெட்டி, அதற்குள் ஒரு கிலோ கம்பைப் போட்டு, இரண்டு பக்கமும் தைத்து, உமாதேவி ஒரு மூட்டை செய்தாள். மூட்டுக்கு மூட்டை. அதைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு, மல்லாக்கப் படுத்து, காலை நீட்டியபடி பத்துத் தடவை தூக்கி இறக்க வேண்டும். அவர் மூன்று தடவையை வேகமாகப் பத்து என்று எண்ணுவார். அடுப்படியிலிருந்து, “நாலு” என்று குரல் வரும். இட்லி ஆறிலிருந்து மூன்றானது. கடலைமிட்டாய் டப்பாவின் இருப்பிடம் அவருக்குத் தெரியாத ரகசியமானது. பட்டையைப் போட்டுக்கொண்டு காலையில் கதிரேசன் மலைப் பக்கமாக நடந்துவிட்டு வந்தார். மார்கழி பாதியில் வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. முட்டு நழுவவில்லை.

எல்லாம் சரிதான். ஆட்டம்தான் நெஞ்சில் முள்ளாக நின்றது. பெயர் கொடுத்தாகிவிட்டது. ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. முட்டு வலி என்று பின்வாங்கினால், அழகிரிசாமி அதைக் கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் மருந்துச்சீட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். நவநீதகிருஷ்ணன் மூன்று நாள் யோசித்து ஒரு திட்டம் தயாரித்தார். ஆட்டத்தன்று கும்பகோணத்தில் பித்தளைச் சரக்கு எடுக்க அவசரமாகப் போக வேண்டியிருக்கிறது. மனசு முழுக்க மைதானத்தில்தான் இருக்கிறது, வியாபாரம் விடமாட்டேன் என்கிறது. இதை வருத்தத்தோடு, ஒரு பெருமூச்சுக்குப் பிறகு சொல்ல வேண்டும். பெருமூச்சைக்கூட வழியில் இரண்டு தடவை விட்டுப்பார்த்துக்கொண்டார்.

மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் இல்லை. அழகிரிசாமி மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நவநீதகிருஷ்ணன் பெருமூச்சு விட்டு, கும்பகோணத்தில் ஆரம்பித்து, பித்தளை விலை ஏறுவதைத் தொட்டு, தன்னுடைய பெயரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார்.

“எந்தப் பட்டியல்லேருந்துலே?” என்றார் அழகிரிசாமி.

“ஆடுற ஆளுக பட்டியல்.”

“அதுல உம் பேரு இல்லையே. நீ ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து குடுத்த. திங்கக்கிழமை காலையில நான் கடை தொறக்க முந்தியே மதினி வந்து நிக்காவ. அவியளுக்கு முட்டுல பழைய கோளாறு, டாக்டர் ஆடக்கூடாதுன்னு சொல்லிட்டாவ, ஆனா ஆட்டத்துக்கு எங்களால முடிஞ்சதைச் செய்யுதோம்னு சொன்னாவ. நான்கூட உன்னை நினைச்சு வருத்தப்பட்டேன், நவநீதம். நல்லவேளை, நேரத்தோட டாக்டரைப் பாத்துட்ட.”

திங்கட்கிழமை. உமாதேவி நொண்டத் தொடங்கியதற்கு இரண்டு நாள் முந்தி. டாக்டர் வீட்டுப் பக்கமே அவர் போகாத நாள். அவர் விரல்விட்டு எண்ணினார். எப்படி எண்ணினாலும் திங்கள் புதனுக்கு முந்திதான் வந்தது.

அழகிரிசாமி மஞ்சள் நோட்டீஸ் ஒன்றை எடுத்து நீட்டினார். ஆடுகிறவர்கள் இருபத்திரண்டு பேரின் பெயர். அதற்குக் கீழே, வெற்றி பெற்றவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் எவர்சில்வர் தூக்குவாளி உபயம் என்று போட்டு அவருடைய கடைப் பெயர். அவருக்குத் தெரியாமல் இருபத்திரண்டு தூக்குவாளி போயிருக்கிறது. அப்படியென்றால் பெருமாள்சாமியும் அந்தக் கட்சி.

வீட்டுக்கு வந்து நோட்டீஸை அவள் முன்னால் வைத்தார். இது எப்போது நடந்தது என்று கேட்டார். அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதே யோசித்துவிட்டதாக அவள் சொன்னாள். ஒருவேளை தான் டாக்டரிடம் வராமலே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டார். வராமல் இருந்திருந்தாலும் ஆடியிருக்க முடியாதே என்றாள். அவர் போய்ப் படுத்துக் கம்பு மூட்டையைக் காலில் கட்டிக்கொண்டார்.

தை மாசம் நல்ல வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடந்தது. ஊரே வந்திருந்தது. பழைய ஆட்டக்காரர்கள் வயிறுகளை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் ஓடினார்கள். அழகிரிசாமியைத் தாண்டி ஆறு கோல் போனது. அவர் ஆறு தடவையும் வெயில் கண்ணில் அடித்ததாகச் சொன்னார். நவநீதகிருஷ்ணன் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வலது காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு, இரண்டு கட்சிக்கும் தொண்டை கிழிய யோசனை சொன்னார். ஆடிக்கொண்டிருந்தபோதுகூட அவர் இவ்வளவு நன்றாக ஆடியதில்லை. ஆட்டம் முடிந்து, பரிசு உபயதாரரை மேடைக்கு அழைக்கிறோம் என்று மைக்கில் சொன்னதும், சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, தலையைத் தடவிக்கொண்டு, படியில் ஜாக்கிரதையாகக் கால் வைத்து ஏறினார்.

மேடையில் பட்டுச்சேலையில் உமாதேவி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் மாலை. மைக்கைப் பிடித்திருந்தவர் நவநீதகிருஷ்ணனைப் பார்த்ததும் சந்தோஷமாகச் சொன்னார்: “பரிசுகளை வழங்குபவர் திருமதி உமாதேவி அவர்கள். தூக்குவாளியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அன்னாருடைய வீட்டுக்காரர் இதோ வந்துவிட்டார்.”